ஓட்டுக் கேட்காமலே கணக்குச் சொன்ன உறுப்பினர்

'மேலவை' என்ற சொல்லை இப்போது பேச்சில் கேட்பதே அரிதாகிவிட்டது. நம் மாநிலத்தில் 1986 நவம்பர் 1ஆம் தேதியோடு அது கலைந்து போயிற்று. அதற்கு முன்பு எம்.எல்.ஏ. போல எம்.எல்.சி. என்றும் ஒருவர் இருந்தார். அந்த அவையில் மூன்றில் ஒரு பங்கினரைச் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். மூன்றில் ஒரு பங்கினர் உள்ளாட்சி மன்றங்களிலிருந்து வருவார்கள். பன்னிரண்டில் ஒரு பங்கு பட்டதாரிகளுக்கு, இன்னொரு பன்னிரண்டில் ஒரு பங்கு ஆசிரியர்களுக்கு. மிச்சம் நியமனம். 'எனக்குப் பட்டதாரித் தொகுதியிலும் ஒரு ஓட்டு உண்டு' என்று மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் பெருமையாகச் சொல்லிக்கொண்டவர்களை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். எங்கள் பாடப் புத்தகத்தில் 'செனா' என்று ஒன்று வரும். எழுதும்போது செனட், பேசும்போது கடைசி எழுத்தை விழுங்கிவிடுவார்கள். பிரான்சில் செனட்டர்களை ஜனங்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. பெரும்பாலும் ஊர்மன்ற, நகரமன்ற உறுப்பினர்களின் ஓட்டுதான் அவர்களை அனுப்புகிறது. ஆகவே சென்னைக்கு வந்து அரசுப் பணியில் சேர்ந்தபோது எம்.எல்.சி. என்றால் யார் என்று எனக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 'இவர் நம்ம ஊர் செனட்டர்' என்று மனத்தில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

அமெரிக்காவில் நெப்ராஸ்கா நீங்கலாக எல்லா மாநிலங்களிலும் செனட் உண்டு. அங்கே செனட்டர்களை ஜனங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். மறுபடி தேர்தலுக்கு நிற்கும் மாநில செனட்டர், தான் கொண்டுவந்த மசோதாக்கள் எவை, அவற்றில் சட்டமானவை எவை, அடுத்த முறை போனால் முதலில் கையில் எடுக்கப்போவது எது என்று பட்டியல் போட்டுக் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். நம் பக்கத்திலும் துண்டுப் பிரசுரம் வருகிறது. அதில் பஸ் நிழற்குடை, உயர்கோபுர விளக்கு, சமுதாயக்கூடம் எல்லாம் இருக்கும். அவையும் தேவைதான். ஆனால் சட்டமன்றத்துக்குப் போனவர் எந்தச் சட்டத்துக்காக எழுந்து நின்றார் என்று அதில் இருக்காது. நாமும் கேட்பதில்லை.

அப்படிக் கணக்குச் சொன்ன ஒருவர் ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்பு நம் ஊரில் இருந்தார். அவர் ஓட்டுக் கேட்டு வந்தவரும் இல்லை, மறுதேர்தலுக்கு நின்றவரும் இல்லை. நியமன உறுப்பினர். பதவியை விட்டு வெளியே வந்தபின் தன் சட்டசபை வேலை முழுவதையும் எழுதிப் புத்தகமாக வெளியிட்டார். புத்தகத்தின் பெயர் 'மை எக்ஸ்பீரியன்ஸ் ஆஸ் எ லெஜிஸ்லேட்டர்'. வெளிவந்த வருஷம் 1930. எழுதியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

அடையாறு பக்கம் இருப்பவர்களுக்குப் புற்றுநோய் மருத்துவமனையாலும் அவ்வை இல்லத்தாலும் இந்தப் பெயர் பழக்கம். தமிழ்நாடு முழுக்க மகப்பேறு உதவித் திட்டத்தால் பழக்கம். ஆனால் அவருடைய நாலு வருஷச் சட்டசபைக் கணக்கைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துப் பார்க்கப் போகிறேன்.

கோட்டைக்குள் போன விதம்

புதுக்கோட்டையில் 1886 ஜூலை 30ஆம் தேதி பிறந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர், அங்கே மகாராஜா கல்லூரியில் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்த குடும்பம். பெண் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க எதிர்ப்பு வந்தபோது மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடம் கொடுத்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912இல் மருத்துவப் பட்டம். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். இந்தக் கதை பள்ளிப் பிள்ளைகள் வரை எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் வேகமாகத் தாண்டிப் போகிறேன்.

சட்டசபை விஷயத்தில் ஒன்றைத் தெளிவு செய்துகொள்ள வேண்டும். அப்போது சென்னை மாகாணத்துக்கு ஒரே ஒரு அவைதான். அதன் பெயரே 'லெஜிஸ்லேடிவ் கவுன்சில்'. மேலவை, கீழவை என்று இரண்டாகப் பிரிந்தது 1937இல். ஆக, முத்துலட்சுமி ரெட்டி இருந்தது பிற்காலத்து மேலவையின் பெயரைத் தாங்கிய, ஆனால் முழு அதிகாரமும் ஒன்றாக இருந்த சட்டசபை. கூடிய இடம் புனித ஜார்ஜ் கோட்டை.

பெண்களுக்கு அதில் இடம் கிடைத்தது படிப்படியாக. நீதிக்கட்சி ஆட்சி வந்த புதிதில், 1921இல், பெண் என்பதால் ஓட்டு இல்லை என்ற தடையைச் சென்னைச் சட்டசபை நீக்கியது. இந்திய மாகாணங்களில் இதில் முதல் அடி நம்முடையது. சொத்து இருந்தால்தான் ஓட்டு என்பதால் அந்த உரிமை மிகச் சில பெண்களுக்கே கிடைத்தது என்பதும் உண்மை. உறுப்பினராக நிற்கும் உரிமை வந்தது 1926இல். அந்த வருஷத் தேர்தலிலேயே கமலாதேவி சட்டோபாத்யாய் தென்கன்னடத் தொகுதியில் நின்று சொற்ப ஓட்டில் தோற்றார். தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் ஒருவரும் இல்லாத நிலையில், அடையாற்றில் 1917இல் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தார் ஒரு பெண்ணை நியமிக்க வேண்டும் என்று முயற்சி எடுத்தார்கள். அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோர் தொடங்கிய சங்கம் அது.

அப்படி நியமனம் பெற்றுச் சபைக்குள் போனவர் முத்துலட்சுமி ரெட்டி. 1927இல் சபை கூடியதும் துணைத் தலைவராக ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நூற்றுக்கு மேற்பட்ட ஆண் உறுப்பினர்கள் இருந்த சபையில் ஒரே பெண். அவரே அந்த மேடையில் உட்கார்ந்து சபையை நடத்தவும் வேண்டியிருந்தது.

இங்கே என் பிரெஞ்சுப் படிப்பு குறுக்கே வருகிறது. 1926இல் பாரிஸில் பெண்கள் வாக்குரிமைக்கான சர்வதேச மாநாடு நடந்தது. மேல்படிப்புக்காக லண்டன் போயிருந்த முத்துலட்சுமி ரெட்டி இந்தியாவின் சார்பில் அதில் கலந்துகொண்டார். மாநாட்டை நடத்திய நாட்டில் அப்போது பெண்களுக்கு ஓட்டு இல்லை! பிரான்சின் கீழவை 1919இலேயே பெண்களுக்கு ஓட்டு என்று நிறைவேற்றி அனுப்பியிருந்தது. 1922இல் அதைத் தள்ளியது செனட். அதற்குப் பிறகும் கீழவை பலமுறை அனுப்பியது, செனட் மசியவில்லை. பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1944இல்; முதன்முதலாக ஓட்டுப் போட்டது 1945 ஏப்ரலில். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று நாங்கள் தினம் ஒப்பித்தோம். எங்கள் பாடப் புத்தகத்தில் இந்த விவரம் மட்டும் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. பாரிஸ் மாநாடு முடிந்து ஒரு வருஷம் ஆகுமுன் சென்னைக் கோட்டையில் ஒரு பெண் சட்டசபைத் துணைத் தலைவர்.

நாலு வருஷக் கணக்கு

1930 செப்டம்பரில் அடுத்த தேர்தல் நடந்தது. முத்துலட்சுமி ரெட்டி அதில் நிற்கவில்லை. நின்றிருந்தால் ஓட்டர்களிடம் என்ன சொல்லியிருக்கலாம்? நடந்ததை வைத்துக்கொண்டு நானே ஒரு பேரேடு போட்டுப் பார்த்தேன்.

முதல் பத்தி, மருத்துவம். பள்ளிப் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண் குழந்தைகளுக்கு, மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று வாதாடினார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதி வேண்டும் என்றார். பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த டாக்டர் சட்டசபையில் உட்கார்ந்தால் என்ன பேசுவாரோ அதைத்தான் பேசினார்.

இரண்டாவது, கல்வி. ஏழைப் பெண் குழந்தைகள் படிக்கச் சலுகை கேட்டார். பிறகு சர் பிலிப் ஹார்டாக் தலைமையில் அமைந்த கல்விக் குழுவில் உறுப்பினராகி வடக்கே பல மாகாணங்களுக்கும் போய்வந்தார். அந்தக் குழுவின் அறிக்கை 1929இல் வந்தது. சைமன் கமிஷனுக்குத் துணையாக அமைந்த குழு அது. காங்கிரஸ்காரர்கள் கமிஷனையே பகிஷ்கரித்துக்கொண்டிருந்த சமயத்தில் இதில் சேர்ந்தது சிலருக்குப் பிடிக்காமல் போயிருக்கும். பெண் கல்வி பற்றி ஒரு குழு பேசும்போது அங்கே ஒரு பெண் இருந்தாக வேண்டும் என்பது அவர் பக்கத்து நியாயம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது, கல்யாண வயது. 1928இல் ஆணுக்கு 21, பெண்ணுக்கு 16 என்று உயர்த்த வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அடுத்த வருஷம் மத்திய சட்டசபையில் ஹர்பிலாஸ் சாரதாவின் சட்டம் நிறைவேறியபோது அது ஆணுக்கு 18, பெண்ணுக்கு 14 என்றுதான் நின்றது. சென்னையில் ஒரு டாக்டரம்மா கேட்ட வயதுக்கு நாடு வந்து சேர இன்னும் பல வருஷங்கள் ஆயின.

நான்காவது, பெண்களை விபசாரத்துக்கு விற்பதைத் தடுக்கும் சட்டம். 1930இல் சென்னை மாகாணத்தில் அது நிறைவேறியது. அதற்கு ஆதரவாக உள்ளேயும் வெளியேயும் உழைத்தவர்களில் இவர் முக்கியமானவர்.

ஐந்தாவது தேவதாசி விஷயம். அவர் பெயர் வரலாற்றில் நிற்பதும் இதனால்தான்; அவர் மேல் விமரிசனம் வருவதும் இதனால்தான். ஆகவே இதில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

ஒரு தீர்மானம், இரண்டு மசோதா

சட்டசபை வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தீர்மானம் வேறு, மசோதா வேறு. தீர்மானம் என்பது சபை அரசாங்கத்துக்குச் சொல்லும் பரிந்துரை. அரசாங்கம் அதைக் கோப்பில் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். மசோதாதான் சட்டமாகும். அமைச்சர் அல்லாத ஒரு உறுப்பினர் மசோதா கொண்டுவந்தால் அதற்கு அனுமதி வேண்டும், நாள் ஒதுக்க வேண்டும், கருத்துக் கேட்டு ஊருக்கு அனுப்ப வேண்டும், குழுவுக்குப் போய்வர வேண்டும். எந்த இடத்திலும் அது படுத்துவிடலாம். கோப்பு எங்கே எல்லாம் படுக்கும் என்று முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்தவன் நான்.

முத்துலட்சுமி ரெட்டி முதலில் தீர்மானம் கொண்டுவந்தார். 1927 நவம்பரில், இளம்பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்தச் சட்டம் வேண்டும் என்ற தீர்மானம். சபை அதை ஏற்றது. அத்தோடு விட்டிருந்தால் பத்திரிகையில் ஒரு நாள் செய்தியாகப் போயிருக்கும்.

அவர் அடுத்து எடுத்த அடிதான் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. நேராகத் தடைச் சட்டத்துக்குப் போகவில்லை. முதலில் நிலத்தைத் தொட்டார்.

கோயில்களில் பணி செய்த தேவதாசிகள் பலருக்கு மானிய நிலம் இருந்தது. பணி செய்தால் நிலம். பணி நின்றால் நிலம் கோயிலுக்குத் திரும்பும். அம்மாவுக்குப் பிறகு அந்த நிலம் வீட்டில் தங்க வேண்டுமானால் ஒரு பெண் பிள்ளைக்குப் பொட்டுக்கட்டியாக வேண்டும். அதாவது அந்த வழக்கம் பக்தியால் மட்டும் நடக்கவில்லை, பட்டாவாலும் நடந்தது. இந்த முடிச்சை அவிழ்க்காமல் 'பொட்டுக்கட்டாதே' என்று சட்டம் போட்டால் என்ன ஆகும்? நிலமும் போய், தொழிலும் போய், அந்தக் குடும்பம் தெருவில் நிற்கும்.

அப்போது இந்து அறநிலையச் சட்டம் புதிது. பனகல் அரசர் முதல் மந்திரியாக இருந்த காலத்தில் கடும் எதிர்ப்புக்கு நடுவே கொண்டுவந்த சட்டம் அது. தியாகராய நகரில் பூங்காவாக நம்மோடு இருக்கிறாரே, அதே பனகல் அரசர்தான். அந்தச் சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதா கொண்டுவந்தார் முத்துலட்சுமி ரெட்டி. 1929இல் அது நிறைவேறி, அந்த வருஷத்து ஐந்தாவது சட்டமாயிற்று. சாரம் இதுதான்: மானிய நிலம் வைத்திருக்கும் தேவதாசிக்குக் கோயில் பணி என்ற நிபந்தனை இனி கிடையாது. கோயிலுக்கு ஒரு தீர்வைத் தொகையைக் கட்டிக்கொண்டு நிலத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். பணி செய்யவில்லை என்று யாரும் நிலத்தைப் பிடுங்க முடியாது.

இதில் முழக்கம் எதுவும் இல்லை. அறநிலையச் சட்டத்தில் ஒரு பிரிவைக் கூடுதலாகச் செருகியது, அவ்வளவுதான். அது செய்த வேலை பெரியது. நான் பணியில் சேர்ந்த புதிதில் எங்கள் பிரிவு சூப்பரின்டெண்ட் ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தார். "தம்பி, ஒண்ணை நிறுத்தச் சொல்லி நோட் போடறதுக்கு முன்னாடி, அதை நம்பிச் சாப்பிடறவன் நாளைக்கு என்ன பண்ணுவான்னு ஒரு பாரா எழுது. அந்தப் பாரா இல்லாத கோப்பு எங்கிட்ட வரக்கூடாது." முத்துலட்சுமி ரெட்டியின் 1929ஆம் வருஷத்துச் சட்டத்தைப் படித்தபோது அந்தப் 'பாரா'தான் ஞாபகத்துக்கு வந்தது.

அதற்குப் பிறகுதான், 1930 தொடக்கத்தில், பொட்டுக்கட்டுவதையே தடை செய்யும் இரண்டாவது மசோதாவைக் கொண்டுவந்தார்.

எதிர்த்தவர்கள் சொன்னது

எதிர்ப்பு இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. ஒன்று மரபு பேசியவர்கள் பக்கம். சபையிலேயே தீரர் சத்தியமூர்த்தி இந்த முயற்சியை எதிர்த்தார். தேச விடுதலைக்கு அப்படிக் குரல் கொடுத்தவர் இதில் அந்தப் பக்கம் நின்றார். நம் தலைவர்களில் யாரும் எல்லா விஷயத்திலும் ஒரே பக்கம் நின்றதில்லை. வெளியே பெரியாரும் அவருடைய 'குடி அரசு' பத்திரிகையும் முத்துலட்சுமி ரெட்டிக்கு ஆதரவு. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய்ப் பிரசாரம் செய்தார்.

இன்னொரு எதிர்ப்பு தேவதாசிகளிடமிருந்தே வந்தது. திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகளின் சமாதிக்குத் தன் சொந்தப் பணத்தில் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் அதில் முன்னணியில் இருந்தார். சென்னை மாகாணத் தேவதாசிகள் அரசாங்கத்துக்கு மனு கொடுத்தார்கள். எங்கள் எல்லோரையும் விலைமாதர் என்று ஒரே வார்த்தையில் அடைக்காதீர்கள், எங்களுக்குக் கல்வி கொடுங்கள், கலையையும் சமயத்தையும் கற்க வழி செய்யுங்கள் என்பது அவர்கள் கோரிக்கையின் சாரம்.

இதை லேசாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. 1929ஆம் வருஷச் சட்டம் மானிய நிலம் இருந்தவர்களுக்குத்தான் கைகொடுத்தது. நிலம் இல்லாமல் கலையை மட்டும் நம்பி இருந்தவருக்கு அதில் ஒன்றும் இல்லை. நம் மயிலாப்பூரிலேயே உதாரணம் இருக்கிறது. கபாலீசுவரர் கோயிலில் ஆடிய கௌரி அம்மாள், பாலசரஸ்வதிக்கும் ருக்மிணி தேவிக்கும் அபிநயம் சொல்லிக்கொடுத்தவர். அவரிடம் கற்ற கலை உலக மேடை ஏறியது. கோயில் தொடர்பு அறுந்தபின் அவருடைய முதுமை வசதியாகக் கழியவில்லை. மாட வீதியில் அவரைப் பார்த்தவர்கள் இன்னும் சிலர் இருக்கலாம்.

மறுபக்கம், முத்துலட்சுமி ரெட்டிக்கு இது புத்தக விஷயம் அல்ல. அவர் அம்மாவின் குடும்பம் அந்த மரபு. டாக்டர் என்ற முறையில் அந்தப் பெண்களின் உடம்பு பட்ட பாட்டையும் பார்த்தவர். எட்டு, பத்து வயதுப் பெண்ணுக்கு அவள் சம்மதம் கேட்காமல் முடிவு செய்யப்பட்ட வாழ்க்கையை அவர் மாற்ற நினைத்தார். நாகரத்தினம்மாள் பெரிய கலைஞர்களின் மானத்துக்காகப் பேசினார். இவர் பேசத் தெரியாத சிறுமிகளுக்காகப் பேசினார். சட்டம் போட்டது சரி என்பதே என் கருத்து. ஆனால் நாகரத்தினம்மாள் கேட்ட கல்வியையும் கலைக்கான வழியையும் அரசாங்கம் கூடவே கொடுத்திருக்க வேண்டும் என்றும் சொல்வேன்.

ராஜினாமாவும் கிடப்பில் போன மசோதாவும்

1930 மே மாதம் காந்தியடிகள் உப்புச் சத்தியாக்கிரகத்தில் கைதானார். முத்துலட்சுமி ரெட்டி அதைக் கண்டித்துச் சட்டசபைப் பதவியை விட்டு விலகினார். சர்க்கார் நியமித்த உறுப்பினர், அந்த சர்க்காரை எதிர்த்தே வெளியே வந்தார்.

கணக்குப் பிள்ளையின் மனம் இங்கே கொஞ்சம் தடுமாறும். பொட்டுக்கட்டுத் தடை மசோதா அப்போது பாதி வழியில் இருந்தது. அவர் இன்னும் கொஞ்ச காலம் உள்ளே இருந்திருந்தால்? அல்லது செப்டம்பர் தேர்தலில் நின்று, 'நிலச் சட்டம் முடித்துவிட்டேன், தடைச் சட்டம் பாக்கி இருக்கிறது, அதற்காக அனுப்புங்கள்' என்று கேட்டிருந்தால்? காங்கிரஸ் அந்தத் தேர்தலைப் புறக்கணித்தது; நீதிக்கட்சி வென்று முனுசாமி நாயுடு முதல் மந்திரியானார். முத்துலட்சுமி ரெட்டி இல்லாத சபையில் அவருடைய மசோதா சட்டமாகவில்லை.

பம்பாய் மாகாணம் 1934இலேயே தேவதாசி பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. சென்னையில் அது நிறைவேறியது சுதந்திரம் வந்த பிறகு, 1947 இறுதியில், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பிரதமராக இருந்தபோது. இடையில் பதினேழு வருஷம். 1930இல் ஐந்து வயதாக இருந்த ஒரு பெண் குழந்தைக்கு 1947இல் இருபத்திரண்டு வயது. தாமதத்தின் விலையை நான் இப்படித்தான் போட்டுப் பார்க்கிறேன்.

இருந்தும் அவர் விலகியதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே வருஷம் வேதாரண்யத்தில் உப்புச் சத்தியாக்கிரகத்தில் ருக்மிணி லட்சுமிபதி சிறை போனார். அவர்தான் 1937இல் தேர்தலில் வென்று சட்டசபைத் துணை சபாநாயகராகவும், 1946இல் மந்திரியாகவும் ஆனவர். எழும்பூரில் அவர் பெயரில் சாலை இருக்கிறது. நாடே ஒரு பக்கம் நிற்கும்போது நியமனப் பதவியில் உட்கார்ந்திருப்பது சுயமரியாதை உள்ள யாருக்கும் கஷ்டம்தான்.

போகும்போது சும்மாப் போகவில்லை என்பதுதான் முக்கியம். என்ன செய்தேன், எது முடிந்தது, எது பாக்கி என்று எழுதி அச்சிட்டுவிட்டுப் போனார். இதை நாங்கள் அலுவலகத்தில் 'சார்ஜ் கொடுப்பது' என்போம். மாறுதலில் போகிறவர் முடிந்த கோப்பு, முடியாத கோப்பு இரண்டுக்கும் பட்டியல் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். அந்தப் புத்தகத்தை நான் ஒரு சார்ஜ் பட்டியலாகத்தான் பார்க்கிறேன்.

பாக்கியை வெளியிலிருந்து தீர்த்தது

பாக்கி வேலையை அவர் வெளியிலிருந்து தொடர்ந்தார். பொட்டுக்கட்டுக்குத் தப்பி வந்த பெண்கள் இரவு நேரத்தில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள் என்றும், அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் தயங்கின என்றும் சொல்வார்கள். தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அதுதான் அவ்வை இல்லம். தொடங்கிய காலம் அவர் ராஜினாமா செய்ததை ஒட்டியது. பிற்பாடு அடையாற்றில் நிலைபெற்றது. இன்றும் பெசன்ட் அவென்யூவில் இருக்கிறது. சட்டசபையில் 'தடை செய்' என்று கேட்டவர், தடையால் வெளியே வருகிற பெண் எங்கே தங்குவாள் என்பதற்கும் வீடு கட்டினார்.

தங்கை புற்றுநோயில் இறந்த துயரம் அவர் மனத்தில் இருந்துகொண்டே இருந்தது. மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டி, 1952இல் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18ஆம் தேதி அடையாறு காந்தி நகரில் கால்வாய்க் கரையோரம் புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. அப்போது படுக்கைகள் பன்னிரண்டு. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த வருஷம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்த கதை ஊர் அறிந்தது. முத்துலட்சுமி ரெட்டி 1956இல் பத்மபூஷண் பெற்றார். 1968 ஜூலையில் காலமானார்.

இன்று கருவுற்ற ஏழைப் பெண்களுக்கு அரசு தரும் மகப்பேறு உதவி அவர் பெயரில் இருக்கிறது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவி இருந்து, இப்போது அது பெண்களின் உயர்கல்விக்கான உதவியாக மாறியிருக்கிறது. 1920களில் ஒரே காரியத்துக்காகச் சபைக்கு உள்ளே ஒருவரும் வெளியே ஒருவருமாக உழைத்த இரண்டு பெண்கள் இன்று விண்ணப்பப் படிவங்களின் தலைப்பில் இருக்கிறார்கள். படிவத்தை நிரப்புகிற பெண்ணுக்கு அவர்கள் யார் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

இத்தனையும் எழுதியதற்குக் காரணம் ஒன்றுதான். நம் பக்கத்தில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் மரியாதையாகத்தான் வருகிறார்கள். பெரியவர்கள் என்று நம்மிடம் ஆசீர்வாதமும் கேட்கிறார்கள். அடுத்த முறை அவர்களை உட்காரவைத்து இரண்டே இரண்டு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். 'போன தடவை எந்தச் சட்டத்துக்காக எழுந்து நின்றீர்கள்? அதனால் யாருக்காவது பிழைப்புப் போகுமானால், அவர்களுக்கு என்ன வழி எழுதிவைத்தீர்கள்?' முதல் கேள்விக்கு முத்துலட்சுமி ரெட்டியிடம் ஒரு புத்தகமே இருந்தது. இரண்டாவது கேள்விக்கு 1929ஆம் வருஷத்து ஐந்தாவது சட்டம் இருந்தது. அது முழுப் பதில் இல்லை என்பதை மேலே சொல்லிவிட்டேன். ஆனாலும் ஓட்டுக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாத ஒருவர், கேட்பதற்கு முன்பே தயாராக வைத்திருந்த பதில் அது.